தவசிலிங்கத்தின் எட்டுக் கைப் பெட்டி

ஆலங்குறிச்சியில் மூளைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்த ஊரில் எல்லாருக்கும் மூளை இருக்கிறது. வந்த நாளிலிருந்து உறையைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்க் கடைத்தெருவில் கண்மணி வீடியோ என்று ஒரு கடை. கடைக்காரன் தவசிலிங்கம். முப்பத்தோரு வயது, தங்கமான மனுஷன், யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே செய்வான். அவனோடு மூன்று பேர் வேலை பார்த்தார்கள். கேமரா பிடிப்பவர் சொரிமுத்து அண்ணாச்சி. விளக்குப் பிடிப்பவர் இசக்கிராசா. ஆல்பம் ஒட்டுவது குருவம்மாக்கா. சொரிமுத்து அண்ணாச்சிக்கு ஒரு மறதி உண்டு. "சிரிங்க" என்று சொல்லிப் படம் எடுப்பார், "போதும்" என்று சொல்ல மறந்துவிடுவார். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பெரியப்பா மறுநாள் மத்தியானம் வரை சிரித்தபடியே இருந்தார். இவர் போய்ச் சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

அந்த ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பந்தியில் கடைசி இலைக்குப் பரிமாறி முடிக்கும் வரை முதல் இலைக்காரர் கை வைக்கக் கூடாது. கடைசி ஆள் மோர் சாதம் முடிக்கும் வரை முதல் ஆள் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் பக்கத்து இலைக்காரருக்கு அவமானம். இந்த வழக்கம் மற்ற ஊர்களிலும் உண்டுதான், ஆனால் அங்கே பந்தியோடு நின்றுவிடும். ஆலங்குறிச்சிக்காரர்கள் அதை முடிவெட்டும் கடைக்கும் கொண்டு போனார்கள். நாலு நாற்காலியில் நாலு பேர் உட்கார்ந்தால், நாலாவது தலை முடியும் வரை முதல் தலை எழுந்திருக்காது.

இப்படிப்பட்ட ஊரில் தவசிலிங்கத்துக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண் மரகதவல்லி, பக்கத்து ஊர், தபால் ஆபீஸில் வேலை. பார்த்த நிமிஷத்திலேயே தவசிக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டது என்று சொன்னால் போதாது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை, சாம்பாரை ரசம் என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

பெண்ணின் அப்பா வைரவநாதன் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் பச்சைக் கொடி ஆட்டி வண்டி விட்டவர். வீட்டில் இட்லி அடுப்பில் ஏறுகிற நேரம், தட்டுக்கு வந்து சேருகிற நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பார். ஒரு நாள் இட்லி நாலு நிமிஷம் தாமதம். அன்று அவர் சாப்பிடவில்லை.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சொரிமுத்து அண்ணாச்சிதான் முழுக்கப் படம் பிடித்தார். இரண்டு பக்கத்தாரும் தட்டு மாற்றி முடித்த கையோடு வைரவநாதன் தவசியை ஓரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, நீங்க வீடியோக்காரர்னு சொன்னாவ. நல்லது. இன்னைக்கு விசேஷம் ரெண்டு மணி நேரம் நடந்திருக்கு. இது முழுக்க, அடுத்த வாரம் வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு எங்க வீட்டு டிவியில ஓடணும். பத்து அஞ்சுக்கு ஓடுனா எனக்கு வேண்டாம். சொன்ன நேரத்துக்கு ஒரு படத்தைக் கொண்டாந்து சேக்க முடியாதவன், எம் பொண்ணை எங்க கொண்டுபோய்ச் சேக்கப் போறான்? மாத்துன தட்டைத் திருப்பி மாத்திக்கிடுவோம்."

தவசி தலையாட்டினான். பதினோரு நாள் கையில் இருந்தது. அதில் ஆறு நாளைப் பாட்டுத் தேர்ந்தெடுப்பதிலேயே போக்கினார்கள். சனிக்கிழமை காலையில், சாமி கும்பிட்டு, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் படத்தைத் தயாரிக்கச் சொல்லிப் பட்டனைத் தட்டினான். பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. பிறகு திரையில் எழுத்து வந்தது. மீதமுள்ள நேரம், பன்னிரண்டு நாள்.

"பன்னெண்டு நாளா?" என்றான் தவசி.

"இதுல என்ன இருக்கு? வியாழக்கிழமையை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லிருவோம்" என்றார் இசக்கிராசா.

வியாழக்கிழமையைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். தாசில்தாரா, கலெக்டரா என்று முடிவாகவில்லை. கடைசியில் தவசி, கம்ப்யூட்டரை விற்ற திருநெல்வேலி ஜெரால்டுக்குப் போன் போட்டான். ஜெரால்டு தொழில் தெரிந்த ஆள். அவசரக்காரர் வேறு. ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்பே அடுத்ததைத் தொடங்கிவிடுவார்.

எதை எதையோ பார்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஜெரால்டு சொன்னார்: "புரிஞ்சுபோச்சு. ஒங்க பிராசசர் இருக்குல்லா, அதுக்குள்ள நாலு ஆள் இருக்கான்னு வச்சுக்கிடுங்க. ஆளுக்கு ரெண்டு கை. ஒரே நேரத்துல எட்டு வேலை பாக்கலாம். ஆனா ரெண்டாவது கையைக் கட்டிப் போட்டிருக்கு. அது போக, மேல ஒரு மேஸ்திரி இருக்காரு. அதான் ஆபரேட்டிங் சிஸ்டம். யாருக்கு என்ன வேலைன்னு பிரிச்சுக் கொடுக்கது அவருதான். அவருகிட்ட யாரோ, 'உள்ள ஒருத்தன்தான் இருக்கான்'னு சொல்லி வச்சிருக்கு. அதனால ஒருத்தன் ஒத்தைக் கையால வேலை பாக்கான், மத்தவன்லாம் சும்மா நிக்கான். யாரு சொன்னது அப்படி?"

சொரிமுத்து அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "வாங்குன அன்னைக்கு எத்தனைன்னு ஒரு கட்டத்துல கேட்டுச்சு. நான்தான் ஒண்ணுன்னு போட்டேன். ஒருத்தன் செஞ்சா சண்டை வராதுல்லா."

"ரெண்டு எடத்துல மாத்தணும்" என்றார் ஜெரால்டு. "மொதல்ல கையை அவுக்கணும். அப்புறம் மேஸ்திரிக்குச் சொல்லணும். நான் ஒரு சோலியா நிக்கேன், நாளைக்குக் கூப்பிடுதேன்." போனை வைத்துவிட்டார்.

நாலு பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குருவம்மாக்கா பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள்.

"ஒருத்தர் மூச்சு விடுதது கேக்கு" என்றாள். "மத்த மூணு பேரு சத்தமே காணல."

"கோவமா இருப்பாவளோ?" என்றார் இசக்கிராசா.

"இருக்காதா பின்ன?" என்றார் சொரிமுத்து. "நாலு பேரு உக்காந்திருக்க பந்தியில ஒருத்தன் இலையில மட்டும் சோத்தைப் போட்டிருக்கோம். நானா இருந்தா பாயைச் சுருட்டிட்டுப் போயிருப்பேன். அந்த மூணு பேரும் பெரிய மனசுக்காரனுவ, இன்னும் உள்ளயே நிக்கானுவ."

தன் கல்யாணத்துக்காக உழைக்க வந்தவர்களை ஒரு வார்த்தை அழைக்கக்கூட இல்லையே என்று தவசி உண்மையாகவே வருத்தப்பட்டான். உடனே தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், சந்தனம், குங்குமம் வாங்கிவந்து பெட்டியின் முன்னால் வைத்தான். நாலு பேருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று குருவம்மாக்கா சொன்னதால் நாலு முறை வணங்கி, "குடும்பத்தோட வந்து நடத்திக் கொடுக்கணும்" என்று நாலு முறை சொன்னான். குடும்பத்தோடு வந்தால் பெட்டியில் இடம் போதுமா என்று இசக்கிராசா கேட்டதும் அதை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டான்.

பெட்டியின் காற்றாடி குங்குமத்தை உள்ளே இழுத்துப் பின்பக்கமாகத் தள்ளியது. பின்னால் நின்ற சொரிமுத்து அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிட்டது.

"அழைப்பை ஏத்துக்கிட்டாவ" என்றாள் குருவம்மாக்கா.

திரையைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நாள் என்றேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெரால்டு பேசினார். பேருந்துக்கு ஓடிக்கொண்டே பேசினார் போலிருக்கிறது. "மெஷினை அணைங்க. திரும்பப் போடும்போது மேல எஃப் டூன்னு ஒரு பட்டன் இருக்கும், அதை விடாம அமுக்கிப் பிடிங்க. நீலமா ஒரு பக்கம் வரும். நான் பஸ்ஸுல ஏறிட்டுக் கூப்பிடுதேன்."

இசக்கிராசா பட்டனை அமுக்கிப் பிடித்தார். விளக்குப் பிடித்துப் பிடித்துப் பழகிய கை, ஆடாமல் நின்றது. ஒரு மணி நேரம் ஆனது. ஜெரால்டு கூப்பிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக் குருவம்மாக்கா ஊட்டிவிட்டாள். அதற்குப் பிறகு இசக்கிராசாவின் விரல் நடுங்கத் தொடங்கியது.

"விட்டுட்டு வேற ஆள் பிடிக்கட்டுமே" என்றான் தவசி.

"விடாமன்னு சொன்னாரு" என்றார் இசக்கிராசா. கண்ணில் தண்ணீர் நின்றது.

சொரிமுத்து அண்ணாச்சிதான் வழி கண்டுபிடித்தார். இசக்கிராசாவின் விரல் மேல் தவசியின் விரலை வைத்து அமுக்கச் சொன்னார். பிறகு கீழே இருந்த விரலை மெல்ல, எண்ணெய் தடவி, உருவி எடுத்தார்கள். பட்டன் மேலே வரவே இல்லை. இப்படியே நாலு பேரும் முறை போட்டு மறுநாள் காலை வரை பிடித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் ஜெரால்டு கூப்பிட்டார். "மன்னிச்சுக்கிடுங்க, போன் தண்ணியில விழுந்துட்டு. நீலப் பக்கம் வந்துச்சா?"

"அது நேத்தே வந்துட்டு அண்ணாச்சி. பிடிச்ச அடுத்த நிமிஷமே வந்துட்டு" என்றான் தவசி.

"அப்புறம் இவ்வளவு நேரம் என்ன செஞ்சிய?"

"பட்டனைப் பிடிச்சிருக்கோம்."

"விடுங்க" என்றார் ஜெரால்டு.

"இப்பவேவா?"

"இப்பவே."

குருவம்மாக்கா விரலை எடுத்தாள். நாலு பேரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். ஜெரால்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, பிராசசரின் இரண்டாவது கை கட்டிக்கிடக்கிற வரிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இப்ப என்டர் தட்டுனா அது ஆன் ஆயிரும். நல்லாக் கேட்டுக்கிடுங்க. அந்த ஒரு பட்டனை மட்டும் தொடணும். வேற எதையும் தொடவே கூடாது. வேற எதையாவது தொட்டிய, மெஷின் படுத்துரும், நான் பொறுப்பில்ல. ஆன் ஆனதும் கூப்பிடுங்க."

தவசி விரலை நீட்டினான். "நில்லும்வே!" என்று கத்தினார் சொரிமுத்து. "நாக்காலியைத் தொட்டுக்கிட்டில்லா இருக்கீரு!"

தவசி பதறி எழுந்தான்.

"இப்ப தரையைத் தொட்டுக்கிட்டு நிக்காரு" என்றார் இசக்கிராசா.

இது பெரிய சிக்கலாகப் போய்விட்டது. தவசியை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்கலாம் என்றாள் குருவம்மாக்கா. தூக்கினால் அவர்கள் தவசியைத் தொடுவார்கள், தவசியும் அவர்களைத் தொட்டதாக ஆகிவிடும் என்று சொரிமுத்து மறுத்தார். உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கலாம் என்றால் கயிறு இருக்கிறது. அரை மணி நேரம் யோசித்ததில் ஒரே வழிதான் மிஞ்சியது. குதிக்க வேண்டும். இரண்டு காலும் தரையை விட்டு, மறுபடி தரைக்கு வருவதற்குள் பட்டனைத் தட்டிவிட வேண்டும்.

"சட்டையைத் தொடுதாரே?" என்றார் இசக்கிராசா.

"சட்டை அவரைத் தொடுது. அதை மெஷின் ஒண்ணும் சொல்லாது" என்றாள் குருவம்மாக்கா. எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது.

முதல் குதியில் தவசி பட்டனுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தான். இரண்டாவது குதியில் மேசை முனை தாடையில் இடித்தது. மூன்றாவது குதியில் சுவரில் மாட்டியிருந்த போன வருஷக் காலண்டரோடு கீழே வந்தான். மரகதவல்லியை மனதில் நினைத்துக்கொண்டு நாலாவது முறை எகிறினான் பாருங்கள், அந்தரத்திலேயே ஆள்காட்டி விரல் என்டர் மேல் சரியாக இறங்கியது. வரி மாறிவிட்டது. முழங்கால் சிராய்ப்போடு தரையில் கிடந்த தவசிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அதைச் சேமித்துவிட்டு வெளியேறவும் ஒரு பட்டன் இருந்தது. ஜெரால்டிடம் கேட்டுக்கொண்டு அதையும் குதித்தே தட்டினான்.

அடுத்தது மேஸ்திரி. செவ்வாய்க்கிழமை காலையில் ஜெரால்டு சொன்ன இடத்துக்குப் போனதும் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதில் ஒன்று முதல் எட்டு வரை எண்கள். ஒன்று என்பது தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

"அந்த ஒண்ணை எட்டாக்குங்க. மெஷினை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. வேலையையும் எட்டாப் பிரிச்சுக் கொடுங்க, எட்டையும் ஒரே நேரத்துல முடிச்சிரும். ஒங்களுக்கு வியாழக்கிழமைக்குள்ள ஆயிரும்" என்றார் ஜெரால்டு. பிறகு சற்று யோசித்து, "எல்லாத்தையும் தொட்டுக்கிடலாம்" என்றும் சொன்னார்.

அணைத்துப் போட்டார்கள். திரையில் முன்பு ஒரே ஒரு கட்டம் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்த இடத்தில், இப்போது எட்டுக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. தவசி அந்த எட்டையும் கைகூப்பி வணங்கினான். இரண்டு மணி நேரப் படத்தைக் கால் கால் மணியாக எட்டுத் துண்டு போட்டான். இலை போட்டாயிற்றா, எல்லாருக்கும் பரிமாறியாயிற்றா என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, எட்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவைத்தான். எட்டுக் கட்டமும் உச்சிக்குப் போய் நின்றது. காற்றாடி இரைந்தது. மீதமுள்ள நேரம் மளமளவென்று குறைந்து இரண்டு நாளுக்கும் கீழே வந்தது. அன்றைக்குத்தான் அவன் ரசத்தை ரசமென்று தெரிந்து குடித்தான்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தாவது துண்டு முடியப் போனது. அது முழுக்கச் சொரிமுத்து அண்ணாச்சி கேமராவை அணைக்க மறந்து தன் காலையே எடுத்திருந்த துண்டு. அதில் வேலை அதிகம் இல்லை. தொண்ணூற்றொன்பது சதவீதம் வந்தபோது குருவம்மாக்கா பாய்ந்து அதை நிறுத்திவைத்தாள்.

"என்ன அக்கா செய்யுதிய?" என்று பதறினான் தவசி.

"மத்த ஏழு பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது இவன் மட்டும் எந்திரிச்சுப் போவானா? என்ன பழக்கம் இது? ஆலங்குறிச்சியில வந்து வேலை பாக்கவன் ஆலங்குறிச்சி மாதிரி இருக்கணும்."

தவசிக்கும் அது சரியாகவே பட்டது. அவனும் அந்த ஊரில்தானே பிறந்தான். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏழு துண்டுகள் தொண்ணூற்றொன்பதில் கைகழுவாமல் உட்கார்ந்திருந்தன. இரண்டாவது துண்டு மட்டும் தொண்ணூற்றாறில் நகர்ந்துகொண்டிருந்தது. அதில்தான் பெண் வீட்டு அத்தைமார் பன்னிரண்டு பேரின் நகைகளும் பளபளத்தன. ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக மின்னல் வெட்டும்படி தவசியே அலங்காரம் சேர்த்திருந்தான்.

எட்டரைக்குப் போன் வந்தது. மரகதவல்லி. சத்தத்தைத் தாழ்த்திப் பேசினாள். "எங்க இருக்கிய? அப்பா தட்டைக் கழுவித் தொடச்சுக் கூடத்துல எடுத்து வச்சிருக்காவ. ஒங்க வீட்டுத் தேங்காயைக்கூட அப்படியே திருப்பிக் கொடுக்கணும்னு தேடிக்கிட்டு இருக்காவ. அதை நாங்க அன்னைக்கே தொவையல் அரைச்சாச்சு."

"வாரேன், வந்துருவேன்" என்றான் தவசி.

ஒன்பது இருபதுக்கு அத்தைமார் ஒருவழியாக முடிந்தார்கள். குருவம்மாக்கா எட்டையும் ஒன்றாக எழுந்திருக்க அனுமதித்தாள். எட்டுத் துண்டும் தயார். ஆனால் அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்றது மெஷின்.

தவசி தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு. எல்லாம் போச்சு. தட்டை மாத்தப் போறாவ."

சொரிமுத்து அண்ணாச்சி தாடையைத் தடவினார். "ஏம்வே, எட்டும் ஒண்ணாத் தொடங்குச்சு. ஒண்ணா முடிஞ்சுது. இப்ப ஓடும்போது மட்டும் எதுக்கு ஒண்ணு பின்னால ஒண்ணு வரணும்?"

பத்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது வைரவநாதன் வீட்டு டிவியில் பெட்டியை மாட்டிவிட்டான் தவசி. சரியாகப் பத்துக்குத் திரையில் எட்டுக் கட்டங்கள் திறந்து எட்டுத் துண்டும் ஒன்றாக ஓடின. ஒரு கட்டத்தில் விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், ஒரு கட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் மரகதவல்லி வெட்கப்பட்டு வந்தாள், இன்னொன்றில் வெட்கம் போய் வடை தின்றாள். மேலே தட்டு மாற்றினார்கள், கீழே அந்தத் தட்டில் இன்னும் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சொரிமுத்து அண்ணாச்சியின் கால். எட்டுப் பாட்டும் சேர்ந்து ஒலித்ததில் பக்கத்து வீட்டு மாடு கட்டறுத்து ஓடியது.

பத்தேகாலுக்கு எட்டும் ஒரே நேரத்தில் முடிந்தன. வைரவநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டை எடுத்து எழுதினார். தவசி தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்" என்றார் அவர். "ரெண்டு மணி நேர வண்டி, ஒரு ஸ்டேஷனையும் விடாம, கால் மணியில போய்ச் சேந்ததை நான் பாத்ததில்ல மாப்ள."

மாப்ள என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தவசி அவர் காலில் விழுந்தான். கதவுக்குப் பின்னால் மரகதவல்லி சிரிக்கிற சத்தம் கேட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் வைரவநாதனுக்கு அந்தக் கால் மணி நேரம் தலைக்கேறிவிட்டது. கல்யாணத்தையும் அதே முறையில் நடத்த வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கண்மணி வீடியோக்காரர்கள் நாலு பேரையும் கூட்டி உட்காரவைத்து வேலையை எட்டாகப் பிரித்தார். மாப்பிள்ளை ஊர்வலம், தாலி கட்டு, பந்தி, ஆசீர்வாதம், போட்டோ, பெண்ணை அழுது வழியனுப்புவது, மாப்பிள்ளை வீட்டில் பால் பழம், மறுவீட்டு விருந்து. எல்லாம் ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்கு முடியும். யார் யார் எங்கே என்று மேஸ்திரி மாதிரி அவரே சீட்டு எழுதிக் கொடுத்தார். தவசிக்கு வந்த சீட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் என்று இருந்தது. அவன் எதிர்க்கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

கல்யாணத்தன்று ஒன்பது மணிக்கு வைரவநாதன் விசில் ஊதிப் பச்சைக் கொடியை ஆட்டினார். எட்டு வேலையும் புறப்பட்டன. தவசி மாலையோடு திறந்த காரில் ஊரைச் சுற்றினான். பெண்ணின் அம்மா மண்டப வாசலில் நின்று காலித் தெருவைப் பார்த்துக் கதறி அழுது வழியனுப்பினாள். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு நாற்காலிக்குப் பால் பழம் கொடுத்தார்கள். இசக்கிராசா காலி மேடையில் விளக்குப் பிடித்தார், சொரிமுத்து அண்ணாச்சி அதை "சிரிங்க" என்று சொல்லிப் படம் எடுத்தார். பந்தியில் நூற்றிருபது பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாக எழுந்தார்கள். மணவறையில் மரகதவல்லி கழுத்தைக் குனிந்து காத்திருந்தாள். தாலிக்கு முதல் முடிச்சு மாப்பிள்ளை போட வேண்டும், அடுத்த இரண்டும் நாத்தனார் போட வேண்டும். தவசியின் அக்கா பேச்சித்தாய்க்குச் சீட்டில் என்ன எழுதியிருந்ததோ, அதை அவள் நேரத்துக்குச் செய்தாள். மேளம் கொட்ட, அட்சதை விழ, இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் இறுக்கிப் போட்டுவிட்டுப் போய்க் கைகழுவினாள்.

ஊர்வலக் கார் வழியில் ஒரு எருமையிடம் மாட்டிக்கொண்டது. தவசி மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது பதினெட்டு. மேளக்காரர்கள் உறையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயர் போயே போய்விட்டார்.

"கல்யாணம் முடிஞ்சுட்டா?" என்று கேட்டான் தவசி.

"முடிஞ்சுட்டு" என்றாள் குருவம்மாக்கா. "ரெண்டாவது முடிச்சும் மூணாவது முடிச்சும் டயத்துக்குப் போட்டாச்சு. ஒங்க முடிச்சு ஒண்ணுதான் பாக்கி."

"இப்ப போட்டா அது நாலாவது முடிச்சுல்லா ஆகும்?" என்றார் இசக்கிராசா.

எல்லாரும் வைரவநாதனைப் பார்த்தார்கள். அவர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார், பேனா காகிதத்தைத் தொடவில்லை. முகம் கறுத்திருந்தது. மூன்று நிமிஷம் தாமதம். தவசிக்கு அந்தத் தட்டுகள் மறுபடி கண்ணில் ஆடின. மரகதவல்லி குனிந்த தலையை நிமிர்த்தாமல், "யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு முடிச்சைப் போடுங்க, கழுத்து வலிக்கு" என்றாள்.

வைரவநாதன் நெடுநேரம் யோசித்தார். அவருடைய முகம் மெல்லத் தெளிந்தது. தண்டவாளத்தில் பழகியவர் அல்லவா?

"மாப்ள லேட்டுன்னு யாரு சொன்னது?" என்றார். "ஒன்பது மணிக் கல்யாணம் ஒன்பதேகாலுக்குப் போயாச்சு. அதுல மாப்ள ஏறல, அவ்வளவுதான். அடுத்த முகூர்த்தம் பத்தரை. அதுக்கு எழுபத்திரண்டு நிமிஷம் முன்னாலயே வந்து நிக்காரு. இப்படி ஒரு மாப்ள யாருக்குக் கிடைக்கும்?"

அப்படியே நோட்டில் எழுதினார். தவசி பத்தரை மணிக் கல்யாணத்துக்கு உரிய முதல் முடிச்சை அப்போதே போட்டான். பத்தரைக்குப் பேச்சித்தாய் திரும்ப வந்து அதற்குரிய இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் போட்டாள். நூற்றிருபது பேரும் மறுபடி பந்திக்கு உட்கார்ந்தார்கள்.

இன்றைக்கும் மரகதவல்லியின் தாலியில் ஐந்து முடிச்சு இருக்கிறது. தபால் ஆபீஸில் யாராவது விவரம் கேட்டால் முத்திரை குத்துவதை நிறுத்தாமலே சொல்வாள்: "எனக்கு ரெண்டு கல்யாணம். ரெண்டும் இவருகூடத்தான். மொதக் கல்யாணத்துக்கு மட்டும் இவரு வரல."